பதினேழாம் கட்டத்துக்கு நான் போட்ட பூஜ்யம்

ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டுப் பேசச் சொல்வது இப்போது எல்லா ஆபீசிலும் ஒரு வழக்கமாகிவிட்டது. ஒரு சால்வை, ஒரு தட்டு பிஸ்கட், "சார் காலத்துல செல்போன் கூடக் கிடையாது" என்று ஒரு அறிமுகம். நாமும் வெயிலில் அலைந்த கதை இரண்டைச் சொல்லிவிட்டுச் சால்வையோடு ரயில் ஏற வேண்டியது. போன மார்ச் மாதம் என் பழைய அலுவலகத்தில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அரை மணி நேரம் பேசுங்கள் என்றார்கள். போனேன். பேச நினைத்துப் போனது வேறு, அங்கே பேசும்படி ஆனது வேறு. அன்று பாதியில் நின்றுபோனதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

என் பெயர் தேவசகாயம். வேப்பம்பட்டில் வீடு. இருபத்தாறு வருடம் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வு அலுவலகத்தில் கள உதவியாளராக இருந்தேன். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். காக்களூர் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் ஒரு கம்பெனிக்கு மேல்மாடி. கீழே மெஷின் ஓடினால் மேலே எங்கள் டீ டம்ளர் நடுங்கும். எங்காவது தொழிற்சாலை வரப்போகிறது என்றால் அந்த மண்ணில் என்ன செடி, என்ன பறவை, என்ன ஊர்வன இருக்கின்றன என்று போய்ப் பார்த்து எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. என் அப்பா கும்மிடிப்பூண்டிப் பக்கம் அடுத்தவர் நிலக்கடலைக் கொல்லையில் கூலிக்கு உழைத்தவர். எங்கள் காலனியிலிருந்து ஷூ போட்டு வேலைக்குப் போன முதல் ஆட்களில் நான் ஒருவன். அந்த ஷூவையும் போட்டுக்கொண்டு திரும்பக் கொல்லையிலேயே நடக்கிறானே என்று என் அக்கா அன்னம்மா கேலி செய்வாள்.

சேர்ந்த புதிதில் டேப் பிடித்தேன், கம்பு சுமந்தேன், தண்ணீர் கேன் தூக்கினேன். பிறகு பறவை பெயர் பழகினேன், பிறகு செடி. கையடக்க ஜிபிஎஸ் கருவி வந்தபோது அதை முதலில் கையில் வாங்கியவன் நான்தான். இப்படியே பதினைந்து வருடம் போனது. அதையெல்லாம் எழுதினால் எனக்கே கொட்டாவி வரும். நான் வேலை கற்றுக்கொண்டது கனகவல்லி மேடம் வந்த பிறகுதான்.

மேடம் ஒப்பந்தத்தில் வந்த விஞ்ஞானி, திருவள்ளூர்க்காரர். கோயில் தெருவில் வீடு, அப்பா பெருமாள் கோயிலில் கைங்கரியம் செய்பவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். காலை எட்டே முக்காலுக்குக் குடையை மடக்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டுவார், கை கழுவுவார், பென்சில் சீவுவார். பேனாவால் எழுதி நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தியும் பார்த்ததில்லை. ஆனால் அவர் முன்னால் ஒரு வார்த்தையைக் கவனமில்லாமல் விட முடியாது. நரி உண்டா என்று கேட்டு நான் "இல்ல மேடம்" என்றால், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "பாத்தவரைக்கும் இல்ல" என்று என் வாயில் போட்டுத் திருத்துவார். கொஞ்ச நாளில் ஆபீசே அப்படிப் பேச ஆரம்பித்தது. கேன்டீனில் வடை இருக்கா என்று கேட்டால் பாத்தவரைக்கும் இல்லை என்று பதில் வரும். அவரும் சிரித்துக்கொள்வார்.

அவர் கொண்டுவந்த முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது விளங்காது. ஒரு பகுதியை எடுத்துக்கொண்டால் வரைபடத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரிப்பார். ஒவ்வொரு கட்டத்துக்கும் எண். நடக்க எடுத்துக்கொண்ட கட்டம் ஒவ்வொன்றுக்கும் மூன்று முறை போக வேண்டும். ஒவ்வொரு முறையும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஐந்து கோடாக நடக்க வேண்டும், காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள். தேடுகிற உயிர் கண்ணில் பட்டால் தாளில் ஒன்று. நடந்து தேடியும் படவில்லை என்றால் பூஜ்யம். போக முடியவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட வேண்டும். மழை, வேலி, நாய், காய்ச்சல், எந்தக் காரணமாக இருந்தாலும் சரி. முதல் நாளே என்னை எதிரில் உட்கார வைத்துச் சொன்னார்.

"பூஜ்யம்னா நீங்க போய்த் தேடியிருக்கீங்கன்னு அர்த்தம். வெறுமைனா நமக்குத் தெரியாதுன்னு அர்த்தம். தெரியாதுன்னு சொல்றதுக்கு இந்த ஆபீஸ்ல யாரும் வெட்கப்பட வேண்டாம்."

ஒன்பது வருடம் முன்பு கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் ஒரு பெரிய இடத்தைத் தொழிற்சாலைக்கு எடுக்கப் போவதாக எங்களுக்கு வேலை வந்தது. தேட வேண்டியவற்றில் ஒன்று விசிறித்தொண்டை ஓணான். சுண்டுவிரல் அளவு உடம்பு, அதைவிட நீளமாக வால். பார்த்தால் காய்ந்த சருகு. ஏப்ரல் பிறந்து வெயில் ஏறியதும் ஆண் ஓணான் ஒரு கல்மேல் ஏறித் தொண்டையை விரிக்கும். நீலம், கறுப்பு, ஆரஞ்சு என்று ஒரு சின்ன விசிறி. மணல் பாங்கான, செடி குறைவான திறந்தவெளிதான் அதற்கு வேண்டும். எல்லா இடத்தையும் நடந்து பார்க்க ஆளில்லாததால், நாங்கள் நடந்த கட்டங்களின் ஒன்றையும் பூஜ்யத்தையும் கணினிக்குக் கொடுப்போம். மண், மழை, வெப்பம், தண்ணீர் எவ்வளவு தூரம் என்பதையும் கொடுப்போம். இந்த ஓணானுக்கு எந்த மாதிரி இடம் பிடிக்கும் என்று அதுவாகக் கற்றுக்கொண்டு நடக்காத இடத்துக்கும் சேர்த்து வரைபடம் போட்டுத் தரும். அதில் சிவப்பாக வந்தால் ஓணான் இருக்கும், வெளுத்திருந்தால் இருக்காது.

பதினேழாம் கட்டம் எங்கள் காலனிக்குப் பின்னால் இருந்தது. என் அப்பா வேலை செய்த அதே நிலக்கடலைக் கொல்லை. அதற்கும் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பே அதை யாரோ வாங்கி, முள்கம்பி வேலி போட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள். முதல் முறை பைக்கில் போய் வேலி ஓரமாக நின்றேன். உள்ளே நுழையச் சுற்றிக்கொண்டு கேட்டுக்குப் போக வேண்டும். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்குத் தெரியாத இடமா இது என்று நினைத்தேன். அந்த மண்ணில் கடலை பிடுங்கியிருக்கிறேன், எலி வளை தோண்டியிருக்கிறேன், ஒரு நாளும் இந்த ஓணானைப் பார்த்ததில்லை. வேலிக்கு வெளியிலேயே நின்று தாளில் பூஜ்யம் போட்டேன். இரண்டாவது, மூன்றாவது முறை அங்கே போகக்கூட இல்லை, தாளில் மட்டும் பூஜ்யம் போட்டேன்.

வெயிலும் தெரிந்த இடம் என்ற திமிரும் மட்டும்தான் காரணமா என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். அந்த வாரம் அக்கா வீட்டில்தான் நாஷ்டா. இட்லி வைத்துக்கொண்டே அக்கா சொன்னாள்:

"இன்னாடா தேவா, கம்பெனி வந்தா நம்ம காலனில நாப்பது பேருக்கு வேலன்றாங்க. நம்ம சாலமன் டிப்ளமா முடிச்சிட்டு ஊட்ல குந்திக்கினு கீறான். நீ ஓணானு கீணானுன்னு எதையாவது எழுதி வெச்சி எங்கள பேஜாரு பண்ணாத."

சாலமன் அவள் மகன். நான் சிரித்துவிட்டு, என் கையில் என்ன இருக்கிறது அக்கா என்றேன். கையில் பென்சில் இருந்தது. அக்கா சொன்னதற்காகப் பூஜ்யம் போட்டேன் என்று சொல்ல மாட்டேன். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் கேட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே போயிருப்பேனா என்றும் எனக்குத் தெரியவில்லை. இந்த இடத்தை வெறுமையாகத்தான் விட வேண்டும்.

அறிக்கை அவசரத்தில் கேட்டார்கள், அவசரத்தில் போனது. நாங்கள் எடுத்த கட்டங்களில் மணல் தரிசு பதினேழு ஒன்றுதான், அதனால் அதுவும் அதைப் போன்ற மற்ற மணல் தரிசுகளும் வரைபடத்தில் வெளுத்திருந்தன. விசிறித்தொண்டை ஓணானுக்கு ஏற்ற இடம் அல்ல, எதையும் ஒதுக்கி விட வேண்டிய தேவையில்லை என்று அறிக்கையில் ஒரு வரி.

மேடத்துக்கு அந்த வரைபடம் பிடிக்கவில்லை. ஓணானுக்கு மணல் பிடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், இந்தக் கணினி மட்டும் ஏன் மணலை வெறுக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அடுத்த வேலை வருவதற்குள் இந்த முறையையே சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தார்.

தராசு சரியா என்று பார்க்க எடை தெரிந்த ஒரு படிக்கல்லை வைத்துப் பார்ப்போம் இல்லையா, அதேதான். உயிருள்ள ஓணான் எங்கெங்கே இருக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதனால் கணினி போட்ட படம் சரியா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மேடம் ஒரு ஓணானை அவரே படைத்தார், கணினிக்குள். அதற்கு இவ்வளவு மணல் பிடிக்கும், இவ்வளவு செடிக்கு மேல் போனால் பிடிக்காது, ஈரம் ஆகாது என்று விதி எழுதினார். அந்த விதிப்படி எங்கள் கட்டங்கள் முழுவதும் அதைப் பரப்பினார். எந்தக் கட்டத்தில் இருக்கிறது, எதில் இல்லை என்று எங்களுக்கு அப்பட்டமாகத் தெரியும். இனி அந்த ஓணானைத் தேடி ஆள் அனுப்ப வேண்டும், அவன் பார்த்ததை மட்டும் கணினிக்குக் கொடுக்க வேண்டும். அது வரைந்து தரும் படத்தையும் எங்களுக்குத் தெரிந்த உண்மையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே பிசகுகிறது என்று தெரிந்துவிடும்.

இந்த ஓணானுக்கு நீங்கதான் மேடம் ஆண்டவர் என்றேன். "ஆண்டவரா இருக்கறது சுலபம் தேவசகாயம். எல்லாம் தெரிஞ்சும் தெரியாதவங்க மாதிரி நடிக்கணும், அதுதான் கஷ்டம்" என்றார்.

தேடப் போகும் ஆளாக என்னையே வைத்தார். நான் நடந்த வழியை ஜிபிஎஸ் கருவி தானாகக் கோடாகப் பதிந்து வைத்திருக்கும். அதுவரை அந்தக் கோட்டை யாரும் திறந்து பார்த்ததில்லை, தாளில் எழுதியதுதான் கணக்கு. இப்போது அந்தக் கோட்டை அப்படியே கணினியில் ஏற்றினார். காலடியிலேயே ஓணான் இருந்தாலும் எத்தனை தடவை கண்ணுக்குத் தப்பும் என்று என்னிடம் கேட்டார். பத்தில் நாலு தப்பும் என்றேன், அதையும் எழுதிக்கொண்டார். ஆக, கணினிக்குள் ஒரு கற்பனை ஓணான், அதைத் தேடிக்கொண்டு என் கோட்டிலேயே நடக்கும் ஒரு கற்பனை தேவசகாயம். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் படம் வந்தபோது எல்லோரும் சிரித்தோம். கற்பனை ஓணான் தார் ரோட்டு ஓரமாக, டீக்கடைப் பக்கமாகவே குடித்தனம் நடத்துவதாகக் கணினி வரைந்திருந்தது. நாங்கள் நடக்க எடுத்த கட்டங்கள் பெரும்பாலும் வண்டி நிறுத்தும் ரோட்டை ஒட்டியவை, அதைப் பார்த்த கணினி ஓணானுக்கு ரோடு பிடிக்கும் என்று கற்றுக்கொண்டுவிட்டது. மேடம் அதைச் சரி செய்யும் வழி கண்டுபிடித்தார். இரண்டு நாளில் படம் பெரும்பாலும் உண்மையோடு ஒட்டி வந்தது. மணல் தரிசுகள் மட்டும் வெளுத்தே இருந்தன.

மூன்றாம் நாள் காலை என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரச் சொன்னார். மேசையில் நான் எழுதிய தாள் இருந்தது. பதினேழாம் கட்டத்தில் கற்பனை ஓணானை நிறையவே விட்டிருக்கிறேன், நூறு தடவை கற்பனை தேவசகாயத்தை அனுப்பியும் அவர் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை, பத்தில் நாலுதானே தப்பும் என்றார். பிறகு கேட்டார்:

"பதினேழுக்குப் போனீங்களா?"

"போனேன் மேடம்."

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். மற்ற கட்டங்களில் எல்லாம் என் கோடு ஐந்து வரியாக ஓடியிருந்தது. பதினேழில் வேலி வரை வந்து, ஒரு புள்ளியாக நின்று, திரும்பியிருந்தது. கணினிக்குள் இருந்த தேவசகாயம் யோக்கியன். நான் நின்ற இடத்தில் நின்றான், நான் போகாத இடத்துக்குப் போகவில்லை.

"எனக்குத் தெரியாத எடமா மேடம் அது. நான் பொறந்து வளந்ததே அங்கதான். அந்தக் கொல்லைல ஓணானே கெடையாது."

"நீங்க இருந்தப்போ அது உழுத கொல்லை. அது தரிசாகி எத்தனை வருஷம் ஆச்சு?"

அவர் கதவுக்குப் பின்னாலிருந்து குடையை எடுத்தார். வாங்க, போய்ப் பார்த்துட்டு வரலாம் என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பெரியபாளையம் வழியாக ஆபீஸ் வண்டியில் போனோம். பத்தரை மணிக்குக் கேட்டைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தோம். முதல் கோட்டில் இருபதடி நடந்திருக்க மாட்டோம், ஒரு செங்கல் துண்டின்மேல் முதல் ஓணான் விசிறியை விரித்தது. அடுத்து இன்னொன்று. நாங்கள் உழுது புரட்டிக்கொண்டிருந்தவரை அவற்றுக்கு அங்கே இடமில்லை. நாங்கள் போன பிறகு, கலப்பை நின்ற பிறகு, எங்கிருந்தோ வந்து குடியேறியிருக்கின்றன. முதல் கோடு முடிவதற்குள் ஏழு எண்ணினோம். மேடம் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு தாளில் பென்சிலால் ஒன்று என்று எழுதினார். வரப்பு இருந்த இடமெல்லாம் புதிதாகச் சர்வே கல் நட்டு வெள்ளை அடித்திருந்தார்கள். ஒரு கல்லின்மேலும் ஓர் ஓணான் நின்று விசிறியைக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. வெயிலில் வேர்வை துடைப்பது போல முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அன்று மாலையே மேடம் திருத்தக் கடிதம் எழுதினார். முன்னால் கொடுத்த படம் தவறு, அந்த மணல் தரிசில் கால் பங்கையாவது திறந்தவெளியாக விட்டுவிடுங்கள் என்று. கொடுத்த அறிக்கையைத் தப்பென்று சொன்னால் இனி யார் வேலை தருவார்கள் என்று டைரக்டருக்குக் கோபம். மேடத்தையும் என்னையும் அறைக்குக் கூப்பிட்டார். கடிதத்தைத் திரும்ப வாங்கச் சொன்னார், மேடம் முடியாது என்றார். கடைசியில் டைரக்டர் கேட்டார்:

"சர்வே பண்ணது யாரு?"

"திட்டம் போட்டது நான். சோதிச்சுப் பாக்காம அறிக்கையை அனுப்பினதும் நான். கடிதத்துல அப்படித்தான் எழுதியிருக்கேன். தப்பு என்னோடது."

நான் மூன்றாவது நாற்காலியில் இருந்தேன். என் கையெழுத்துப் போட்ட தாள் மேசைமேல் ஃபைலுக்குள் இருந்தது, யாரும் திறக்கவில்லை. கீழே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, என் முன்னால் டீ டம்ளர் நடுங்கியது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேடம் என்னைக் கண்ணால் தடுத்தார் என்று சொல்லிக்கொண்டால் எனக்கு ஆறுதலாக இருக்கும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. எழுந்து நின்று நான்தான் என்று சொல்ல ஒரு நிமிடம் முழுசாக இருந்தது, நான் எழவில்லை. மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம், எனக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. இதெல்லாம் காரணம்தான். காரணம் இருந்ததால் செய்தது சரியாகிவிடாது.

படியில் இறங்கும்போது மேடம் என்று ஆரம்பித்தேன். "நீங்க போகாம எழுதினீங்க, நான் பாக்காம நம்பினேன். ரெண்டும் நடந்ததுதான். போய்ச் சாப்பிடுங்க" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அந்த வருடக் கடைசியில் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, பென்சில்களை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கும்மிடிப்பூண்டியில் ஜேசிபி இறங்கியது அதற்கு முன்பே. கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

பிறகு ஒரு தடவைதான் பார்த்தேன், திருவள்ளூர் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில். ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுப்பதாகச் சொன்னார். மகள் கல்யாணம் நல்லபடி முடிந்ததா என்று விசாரித்தார். வண்டி வரும்போது, "போகாத இடத்தை வெறுமையா விடறீங்களா?" என்று கேட்டார். விடறேன் மேடம் என்றேன். தலையாட்டிவிட்டுப் பெண்கள் பெட்டியில் ஏறிக்கொண்டார். நான் சொன்னது உண்மை. அதற்குப் பிறகு போகாமல் ஒரு பூஜ்யம் நான் போட்டதில்லை.

இரண்டு வருடம் முன்பு, நான் ஓய்வு பெற்ற சமயம், மேடத்துக்கு உடம்பு மிகவும் முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். பார்க்கக் கிளம்பினேன். மூன்று தடவை கிளம்பினேன். கோயில் தெரு முனை வரை போய், பழம் வாங்கிய பையோடு நின்று, திரும்பி வந்துவிட்டேன். அங்கேயும் வேலி வரைக்கும்தான் போனேன். நாலாவது தடவை போனபோது வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

இப்போது போன மார்ச்சுக்கு வருகிறேன். சால்வை போட்டார்கள், நானும் பாம்பைத் துண்டால் மூடிய கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். அடுத்து பயிற்சி கொடுப்பவர் திரையில் ஒரு பாடத்தைப் போட்டார். மேடம் செய்த அதே சோதனை. அதே கற்பனை ஓணான், அதே கட்டங்கள், என் கோடு. அது நல்ல சோதனை என்பதால் அவர் போன பிறகும் புதியவர்களுக்கு அதையே கொடுத்துப் பழக்குகிறார்கள், எனக்கு அது தெரியாது. பாடத்தின் பெயர் மேலே பெரிதாக இருந்தது: மேடம் மிஸ்டேக். முன்னால் இருந்த ஒரு விஞ்ஞானி சர்வேயைத் தப்பாகத் திட்டமிட்டார், அதை அவரே கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார், பிழை எங்கே என்று கண்டுபிடியுங்கள் என்றார் அவர்.

ரேவதி என்று ஒரு பெண், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது, கால் மணி நேரத்தில் கையைத் தூக்கினாள்.

"சார், பதினேழுல சர்வேயர் உள்ளயே போகல. வேலிகிட்ட நின்னுட்டு மூணு ஜீரோ போட்ருக்காரு. இதுல மேடம் மிஸ்டேக் இன்னா இருக்கு?"

திட்டம் ஒழுங்காக இருந்தால் சர்வேயர் ஏமாற்ற வழி இருந்திருக்காது என்று பயிற்சியாளர் விளக்கினார். எல்லோரும் தலையாட்டினார்கள். கீழே மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, எனக்குக் கொடுத்த டீ நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. இந்த முறை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. எழுந்தேன். சால்வை நழுவிக் கீழே விழுந்தது.

"அது என் கோடும்மா. மேடம் தப்பு பண்ணல. நான் போவல. அவங்க கேட்டப்ப போனேன்னு வேற சொன்னேன்."

அதோடு உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பயிற்சியாளர் நல்ல மனிதர், பாடத்தின் பெயரை மாற்றிவிடுகிறேன் என்றார். என் பெயரையே வையுங்கள் என்றேன். நான் கிளம்பும்போது ரேவதி படி வரை வந்தாள். ஆறுதல் சொல்லப் போகிறாளோ என்று பயந்தேன். அவள் கேட்டது வேறு. பதினேழாம் கட்டத்தில் மேடம் எழுதிய அந்த ஒன்றுக்குப் பிறகு எல்லா வருடமும் வெறுமையாக இருக்கிறதே சார், யாரும் திரும்பப் போய்ப் பார்க்கவில்லையா என்றாள்.

யாரும் போகவில்லை. போக வழியும் இல்லை. தொழிற்சாலை என்று சொன்னது வரவில்லை, பெரிய கோடவுன் வந்தது. சுற்றிலும் பத்தடிச் சுவர். அக்காவிடம் விசாரித்தேன். "நாப்பது பேருக்கு வேலன்னாங்க. நம்ம சாலமனும் இன்னொருத்தனும் கேட்டுல வாட்ச்மேனு. அவ்ளோதான்" என்றாள். ஓணானைப் பற்றி அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் கேட்டது பிள்ளைக்கு ஒரு வேலை, அதில் தப்பில்லை.

சாலமன் மேலதிகாரியைக் கேட்டு அனுமதி வாங்கித் தந்தான். ஏப்ரலில் ஒரு நாள், மே மாதம் ஒரு நாள், ஜூன் பிறந்ததும் ஒரு நாள் போனேன். வேப்பம்பட்டில் ஏறி பேசின் பிரிட்ஜில் மாறி மறுபடி வடக்கே கும்மிடிப்பூண்டி வரை, ஒரே மாவட்டத்துக்குள் போவதற்குச் சென்னையைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். ஒன்பது மணிக்கு உள்ளே நுழைந்து, ஐந்து கோடாக, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு. தரை முழுக்க சிமென்ட். கன்டெய்னர் நிற்கும் இடத்தில் சுற்றிக்கொண்டு வந்து மறுபடி கோட்டில் சேர்ந்துகொண்டேன். தரையைப் பார்த்துக்கொண்டே நடக்கும் கிழவனை லாரிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருவர் இறங்கி வந்து, "இன்னா நைனா, எதுனா தொலச்சிட்டியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவரும் கொஞ்ச தூரம் கூடவே குனிந்து தேடினார். மூன்றாவது முறை சுவர்மேல் ஒரு சாதாரண ஓணான் இருந்தது, அது வேறு ஜாதி. கணினிக்குள் மேடம் விட்ட ஓணான் பதினேழாம் கட்டத்தில் இன்னும் நிறையவே இருக்கிறது. அங்கே மட்டும்தான் இருக்கிறது.

ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு மணிக்கு சாலமனின் நாற்காலியில் உட்கார்ந்து, மேடம் கொடுத்த பென்சிலில் எழுதினேன். ஜூன் கடைசியில் தாளையும், ஆபீசில் இரவல் வாங்கி என் கோடு பதிந்த ஜிபிஎஸ் கருவியையும் காக்களூருக்குக் கொண்டுபோய் ரேவதியிடம் கொடுத்தேன். அவள் முதலில் கோட்டைத்தான் திறந்து பார்த்தாள். அதுதான் சரி. பிறகு தாளைப் பார்த்தாள். பதினேழாம் கட்டத்துக்கு மூன்று பூஜ்யம். ஒன்பது வருடம் முன்பு நான் எழுதியதும் இதே மூன்று பூஜ்யம்தான். இந்த முறை நடந்துவிட்டு எழுதினேன்.